வெயில் காலத்தில் வேலை ஆட்களைப் பார்த்துக்கொள்வது எப்படி: மாசியிலிருந்து வைகாசி வரை ஒரு முழுமையான வழிகாட்டி

திருப்பூரில் நான் முன்பு வேலை பார்த்த ஒரு பனியன் கம்பெனியில், 40 பேர் உட்காரும் தையல் லைனுக்கு 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு வைப்போம். ஏப்ரல் கடைசி, ஷீட் கூரை, உள்ளே நுழைந்தாலே முகத்தில் அனல் அடிக்கும். ஒரு நாள் ஷிப்ட் முடிந்ததும் போய்ப் பார்த்தால் ஒரு கேன் மூடிகூடத் திறக்காமல் நிற்கிறது. அப்படியென்றால் ஆளுக்கு அரை லிட்டர், அதுவும் காலை எட்டரையிலிருந்து சாயங்காலம் ஐந்தரை வரைக்கும். பவர்டேபிள் (மோட்டாரில் ஓடும் தையல் மெஷின்) ஓட்டும் ஒரு அக்காவிடம், "ஏனுங்கக்கா, தண்ணியே குடிக்கறதில்லையா?" என்று கேட்டேன். "குடிச்சா எந்திரிச்சுப் போகோணுமுங்க சார். ரெண்டு தடவ போனா இருவது பீஸ் போயிரும். அதுமில்லாம அந்தப் பக்கம் கால் வைக்க முடியாதுங்க" என்றார். அந்தப் பக்கம் என்று அவர் சொன்னது கழிப்பறையை.

நான் இங்கே எழுதப் போவது முழுக்க அந்தப் பதிலிலிருந்து கற்றுக்கொண்டதுதான். தண்ணீர், மோர், விசிறி, கூலர் எல்லாம் காசு போட்டால் வந்துவிடும். ஆனால் எழுந்து போகிற ஐந்து நிமிஷத்துக்குக் கூலி போகும் என்றால் அதில் எதையும் யாரும் தொட மாட்டார்கள். பனியன் கம்பெனி, தறிக்குடோன், பவுண்டரி, பஸ் பாடி கட்டும் பட்டறை, ஜவுளிக்கடை என்று நீங்கள் எங்கே ஆள் வைத்து வேலை வாங்கினாலும் இது பொருந்தும்.

எப்போது தொடங்க வேண்டும்

மாசி மாதம். அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்கி மே 28 வரை போகும், அதனால் ஏப்ரல் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஈரோட்டிலும் கரூர் பக்கமும் பங்குனியிலேயே வெயில் வாட்ட ஆரம்பித்துவிடும். ஏப்ரலில் கூரைக்கு வெள்ளை அடிக்க ஆள் தேடினால் கிடைக்க மாட்டார்கள், கிடைத்தாலும் அந்த வெயிலில் ஒருவரைக் கூரைமேல் ஏற்றுவது நியாயம் இல்லை. ஜூனில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வந்தபிறகு கோவை, பொள்ளாச்சி, உடுமலைக்காரர்கள் மூச்சு விடலாம். ஆக நமக்குக் கடினமான காலம் மார்ச் பாதியிலிருந்து மே கடைசி வரை, சுமார் 11 வாரம்.

முதல் வேலை: சூட்டை அளந்து எழுதுங்கள்

வெப்பமும் ஈரப்பதமும் சேர்த்துக் காட்டும் சின்ன மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை ஆபீஸ் சுவரில் மாட்டாதீர்கள். அயர்ன் டேபிள் பக்கம், தையல் லைனின் கடைசி வரிசை, பேக்கிங், லோடு ஏற்றும் இடம், வாட்ச்மேன் கூண்டு என்று ஆள் நிற்கிற இடத்தில், தலை உயரத்தில் மாட்டி, காலை 11, மதியம் 2, சாயங்காலம் 4 மணிக்கு ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு வாரம் எழுதினாலே எந்த மூலை கொதிக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஈரப்பதம் ஏன் என்றால், வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். ஒரே 36 டிகிரிதான். கரூரின் காய்ந்த காற்றில் தாங்கலாம், சாயப்பட்டறைக்குள்ளோ ஸ்டீம் அயர்ன் பக்கத்திலோ தாங்காது. இன்னொன்று, வானிலைத் துறை அறிவிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். சமவெளியில் 40 டிகிரியைத் தொட்டு, வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடினால்தான் பொதுவாக வெப்ப அலை என்று சொல்வார்கள், அதுவும் வெளியே நிழலில் இருக்கும் காற்றின் அளவு. உங்கள் ஷீட்டுக்கு அடியில் என்ன என்பது அவர்களுக்குத் தெரியாது.

கூரையும் காற்றும்

தகரமோ சிமென்ட் ஷீட்டோ, மேலே வெள்ளை அடித்தால் உள்ளே சூடு குறையும். கூலிங் பெயின்ட் விலை அதிகம் என்றால் சுண்ணாம்பு அடியுங்கள், மழையில் கழுவிப் போகும், அடுத்த வருடம் மறுபடி அடிக்க வேண்டியதுதான். ஆனால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும்: பழைய சிமென்ட் ஷீட் மனிதன் எடையைத் தாங்காது. கால் வைத்த இடம் உடைந்து மேலிருந்து விழுந்து இறந்தவர்கள் உண்டு. பலகை போட்டு, கயிறு கட்டி, விடிகாலையில் மட்டும் ஏற்றுங்கள், கீழே அந்த நேரம் யாரையும் உட்கார வைக்காதீர்கள். நம்ம பக்கம் வீட்டுக் கூரைமேல் தென்னந்தடுக்கு போடுவது வழக்கம், வீட்டுக்கு அது அருமையான குளிர்ச்சி, ஆனால் பஞ்சும் துணியும் கிடக்கிற கம்பெனிக்கு வேண்டவே வேண்டாம். ஒரு பொறி போதும்.

பாய்லரிலிருந்து அயர்ன் டேபிளுக்கு வரும் ஸ்டீம் பைப் எவ்வளவு சுடுகிறது என்று பாருங்கள் (கை வைக்காதீர்கள், பக்கத்தில் கொண்டுபோனாலே தெரியும்). உறை போடாத பைப் நாள் முழுக்க அந்த அறையைச் சூடாக்கிக்கொண்டே இருக்கும். கண்ணாடிக் கம்பளி சுற்றி மூடினால் ஆட்களுக்கும் நல்லது, விறகுச் செலவும் குறையும். நான் பார்த்தவரை சின்னச் செலவில் பெரிய பலன் தந்தது இதுதான், ஆனால் பெரும்பாலான இடங்களில் யாரும் கவனிப்பதில்லை.

ஒரு பக்கச் சுவரில் தண்ணீர் ஓடும் பேடும் (காற்றைக் குளிர்விக்கும் ஈரத்தட்டி) எதிர்ப்பக்கம் எக்ஸாஸ்ட் ஃபேனும் வைத்த ஹாலில், பேடு பக்கம் உட்கார்ந்தவருக்குக் குளிரும், ஃபேன் பக்கம் உட்கார்ந்தவருக்கு எல்லோருடைய சூடும் சேர்ந்து வரும். வாரம் ஒரு முறை இடம் மாற்றி உட்கார வையுங்கள். சாயப்பட்டறை மாதிரி ஏற்கெனவே ஈரமாக இருக்கும் இடத்தில் தண்ணீர் கூலர் பிரயோஜனம் இல்லை, அங்கே சூட்டுக்காற்றை வெளியே இழுப்பதுதான் வழி. காற்று 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் வெறும் ஃபேன் உடம்பைச் சூடாக்கத்தான் செய்யும். அப்போது கழுத்திலும் கையிலும் ஈரத்துண்டு இருக்க வேண்டும்.

தண்ணீர், அதோடு கழிப்பறை

இரண்டையும் பிரித்துப் பேசக் கூடாது. சூட்டில் வேலை செய்பவர் 15, 20 நிமிஷத்துக்கு ஒரு டம்ளர் குடிக்க வேண்டும். ஒரே மூச்சில் ஒரு சொம்பு குடிப்பதைவிட இதுதான் உடம்பில் நிற்கும். அதற்காக மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் போகக் கூடாது, அதுவும் ஆபத்து. தையல் லைனுக்கு ஷிப்டுக்கு ஆளுக்கு 3 லிட்டராவது என்று கணக்கு வைத்தால் 40 பேருக்கு 120 லிட்டர், அதாவது ஆறு கேன். நாங்கள் வைத்தது இரண்டு!

கேன் கூட்டியும் குடிக்காததால் நாங்கள் செய்தது இது: ஒரு ஹெல்பர் அக்காவை நியமித்து, அரை மணிக்கு ஒரு தரம் ஜக்கோடு லைனில் போகச் சொன்னோம். மெஷினை விட்டு எழுந்திருக்க வேண்டாம், கை நீட்டினால் டம்ளர். முதல் நாளிலேயே தண்ணீர்ச் செலவு இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. அவருக்கு அதுதான் வேலை, நடுவில் கூப்பிட்டு நூல் பிசிறு வெட்டச் சொல்லக் கூடாது.

மதியம் நீர்மோர் உப்புப் போட்டுக் கொடுங்கள். காலையில் கம்மங்கூழ் கொடுக்க முடிந்தால் அதைவிட நல்லது இல்லை, ஏனென்றால் காலைச் சாப்பாடு இல்லாமல் ஓடி வருகிறவர்கள்தான் 11 மணிக்குத் தலை சுற்றி உட்காருகிறார்கள். பவுண்டரி, பாய்லர், லோடு வேலை செய்பவர்களுக்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வைத்திருங்கள், உறையில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. பிரஷர், கிட்னித் தொந்தரவு இருப்பவர்கள் உப்புக் கூடியது எதையும் டாக்டரிடம் கேட்டுத்தான் குடிக்க வேண்டும். டீ குடிப்பதில் தப்பு இல்லை, ஆனால் டீ டைமில் டீ மட்டும் குடித்துவிட்டுத் தண்ணீர்க் கணக்கு முடிந்தது என்று இருக்கக் கூடாது. அப்புறம், காலை ஆறு மணிக்குக் கட்டிய தயிர்சாதம் ஷீட்டுக்கு அடியில் ஒரு மணி வரை இருந்தால் புளித்துப் போகும், டிபன் பாக்ஸ் வைக்க நிழலான, காற்றோட்டமான ஒரு அலமாரி போடுங்கள்.

இனி கழிப்பறை. பெண்கள் காலையில் வீட்டில் போனால் திரும்ப வீட்டுக்கு வந்துதான் போவது என்று பழகிக்கொள்கிறார்கள். அதன் விலை நீர்க்கடுப்பு, சிறுநீர்த் தொற்று, கல்லடைப்பு. உள்ளே தாழ்ப்பாள், லைட், எப்போதும் தண்ணீர், நாப்கின் போட மூடியுள்ள கூடை, இவை நான்கும் இருக்கிறதா என்று ஒரு பெண் சூப்பர்வைசர் நாளைக்கு மூன்று முறை பார்க்க வேண்டும். போய்வர டோக்கன், நேரம் எழுதும் நோட்டு இதெல்லாம் இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே குடிதண்ணீர் வைக்கும் இடம் கழிப்பறையிலிருந்து ஆறு மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்றும், 250 பேருக்கு மேல் வேலை செய்தால் வெயில் காலத்தில் குளிர்ந்த தண்ணீர் கொடுக்க வேண்டும் என்றும் எழுதினார்கள். கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டுங்கள்: சிறுநீர் எலுமிச்சைச் சாறு போல வெளுத்திருந்தால் சரி, நல்லெண்ணெய் நிறத்தில் போனால் தண்ணீர் போதவில்லை. தமிழோடு இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி ஒட்டுங்கள், வெளிமாநில ஆட்கள் இல்லாத கம்பெனி இப்போது எங்கே இருக்கிறது.

நேரமும் கூலியும்

இதில்தான் முதலாளிகள் தயங்குவார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஷிப்டை முன்னால் தள்ளுவது நல்ல யோசனைதான், ஆனால் ஆட்களைக் கேட்காமல் செய்யாதீர்கள். நாங்கள் ஒரு வருடம் காலை ஏழு மணி என்று போர்டு எழுதிவிட்டோம். மூன்றாம் நாள் பாதிப் பெண்கள் வரவில்லை. குழாயில் தண்ணீர் வருவது ஆறு மணிக்கு, பிடித்து வைத்து, சமைத்து, பிள்ளைகளை விட்டு, வேன் ஏற வேண்டும். அப்புறம் உட்கார்ந்து பேசி ஏழே முக்கால் என்று வைத்து, மதிய இடைவேளையைக் கால் மணி நேரம் நீட்டினோம். ஒன்றரை ஷிப்டை (ஒரு ஷிப்டோடு இன்னும் அரை ஷிப்ட் சேர்த்து வேலை வாங்குவதை) மே மாதம் முழுக்க நிறுத்துங்கள். முழுக்க முடியாது என்றால் அக்னி நட்சத்திரத்தில் மட்டுமாவது. டெலிவரி தேதி நெருக்குகிறது என்பார்கள். அதை மெர்ச்சண்டைசர் பிப்ரவரியில் ஆர்டர் ஒத்துக்கொள்ளும்போதே பேசியிருக்க வேண்டும், மே மாதம் அயர்ன் மாஸ்டர் தலையில் வைக்கக் கூடாது.

வழக்கமான டீ டைம், சாப்பாட்டு நேரம் தவிர, மதியம் 12 மணிக்கு 10 நிமிஷம், 2:30-க்கு 10 நிமிஷம், 3:30-க்கு 10 நிமிஷம் என்று அரை மணி நேரம் வெயில் ஓய்வு கொடுங்கள். பெல் அடித்து மெஷின்களின் மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் பீஸ் ரேட் ஆட்கள் (பீஸ் கணக்குக்குக் கூலி வாங்குகிறவர்கள்) எழுந்திருக்க மாட்டார்கள், பக்கத்தில் இருப்பவர் ஓட்டும்போது தான் மட்டும் சும்மா இருக்க மனசு வராது.

அந்த அரை மணி நேரத்துக்கு எப்படிக் கூலி போடுவது? ஒவ்வொருவரும் கடந்த நான்கு வாரத்தில் மணிக்குச் சராசரியாக எவ்வளவு சம்பாதித்தார் என்று பாருங்கள். எட்டு மணி நேரத்தில் 720 ரூபாய் எடுப்பவர் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 90, அரை மணிக்கு 45. ஆறு நாளைக்கு 270 ரூபாய். சனிக்கிழமைச் சம்பளச் சீட்டில் 'வெயில் ஓய்வு' என்று தனி வரியாகவே போடுங்கள், அப்போதுதான் அவருக்கு நம்பிக்கை வரும். 40 பேருக்கு வாரம் 10,800, எட்டு வாரத்துக்கு 86,400 ரூபாய். சின்னத் தொகை இல்லைதான். ஆனால் உங்கள் செக்கிங் நோட்டை எடுத்து, மதியம் இரண்டு மணிக்கு மேல் எத்தனை ஆல்ட்ரேஷன் பீஸ் (திருத்தித் தைக்க வேண்டியது) வருகிறது, மே மாதம் எத்தனை பேர் லீவு போடுகிறார்கள், எத்தனை பேர் நின்றே விடுகிறார்கள் என்று எழுதிப் பாருங்கள். நாங்கள் அப்படி எழுதிப் பார்த்த பிறகுதான் முதலாளி சரி என்றார்.

கான்ட்ராக்ட்காரர் கூட்டி வரும் ஆட்களுக்கும் இதே ஓய்வு, இதே கூலி. அவர்களை விட்டுவிட்டால் கடைசியில் சூடான வேலையெல்லாம் அவர்கள்மேல்தான் விழும்.

பவுண்டரியில் உருக்கி ஊற்றும் வேலையை முடிந்தவரை விடிகாலைக்கோ இரவுக்கோ மாற்றுங்கள். கன்டெய்னரில் லோடு ஏற்றுவதும் அப்படித்தான். வெயிலில் நிற்கும் தகரப் பெட்டிக்குள் மதியம் ஒரு மணிக்கு ஆளை அனுப்புவது அடுப்புக்குள் அனுப்புவதுதான். ஜவுளிக்கடை, நகைக்கடை வைத்திருப்பவர்களுக்கு: கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத்தில் சேர்த்தாகிவிட்டது. ஏசி இருந்தாலும் பத்து மணி நேரம் நிற்பவருக்குக் கால் வீங்கும். வாட்ச்மேனையும் மறக்க வேண்டாம். முழுக்கைச் சட்டை, ஷூ, தொப்பியோடு தகரக் கூண்டில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர் அவர்தான்.

புது ஆட்களும் ஊருக்குப் போய் வந்தவர்களும்

சூட்டுக்கு உடம்பு பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும். புதிதாகச் சேர்ந்தவரை முதல் நாள் சூடான இடத்தில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் நிறுத்துங்கள், தினமும் இன்னொரு பங்கு கூட்டுங்கள், ஐந்தாம் நாள் முழு நேரம். மீதி நேரம் பேக்கிங், லேபிள் என்று நிழல் வேலை கொடுக்கலாம். அனுபவசாலி மாரியம்மன் நோம்பிக்கு லீவு போட்டு பத்து நாள் கழித்து வந்தாலும் இப்படித்தான், முதல் நாள் பாதி, இரண்டாம் நாள் 60 சதவீதம், மூன்றாம் நாள் 80, நான்காம் நாள் முழுசு. நாள்கணக்கில் ரயிலில் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து இறங்கிய பையனை அன்றைக்கே ஸ்டென்டரில் (துணியை விரித்துச் சூட்டில் காயவைக்கும் மெஷின்) நிறுத்துவதை நான் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

யாரைக் கூடுதலாகக் கவனிப்பது

கர்ப்பிணிகள், 50 வயது தாண்டியவர்கள், சுகர், பிரஷர், இதய நோய் உள்ளவர்கள், நீர் இறங்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், காய்ச்சல் வயிற்றுப்போக்கு வந்து எழுந்தவர்கள், முந்தின நாள் இரவு குடித்தவர்கள். எல்லோர் முன்னாலும் கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். தனியாகக் கூப்பிட்டு, வேலை போகாது என்று உறுதி சொல்லி, சூடு குறைந்த இடத்துக்கு மாற்றுங்கள். மாற்றும்போது கூலி குறையக் கூடாது, குறைந்தால் அடுத்த வருடம் எல்லோரும் நோயை மறைப்பார்கள்.

யாராவது விழுந்தால்

வியர்த்துக் கொட்டி, தலைவலி, குமட்டல், கால் கெண்டை இழுத்தல் என்று ஒருவர் சொன்னால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடுப்பைத் தளர்த்தி, ஈரத்துணி போட்டு, மெதுவாகத் தண்ணீரோ ஓ.ஆர்.எஸ்.ஸோ கொடுங்கள். தனியாக விட்டுவிட்டுப் போகாதீர்கள். அன்றைக்கு அவர் திரும்ப வேலைக்கு உட்காரக் கூடாது, நாள் கூலி முழுசாகக் கொடுத்து, ஒருவரைத் துணைக்கு அனுப்பி வீட்டில் விடுங்கள்.

பேச்சு குழறுகிறது, சம்பந்தமில்லாமல் பேசுகிறார், தடுமாறுகிறார், வலிப்பு வருகிறது, மயங்கிவிட்டார் என்றால் அது வெப்பவாதம். வியர்வை நின்றிருந்தாலும் நிற்காவிட்டாலும் அதேதான். ஒருவர் 108-ஐ அழைக்கட்டும், இன்னொருவர் அந்த நொடியே குளிர்விக்கத் தொடங்க வேண்டும். வண்டி வரட்டும் என்று காத்திருந்தால் அந்தப் பத்து நிமிஷத்தில் மூளையும் சிறுநீரகமும் கெட்டுப் போகலாம். ஹோஸ் பைப்போ பக்கெட்டோ எடுத்து உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, ஃபேனைத் திருப்பி வையுங்கள். ஐஸ் இருந்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள். நினைவு சரியாக இல்லாதவர் வாயில் சோடா, காபி, தண்ணீர் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது. வலிப்பு வந்தால் கையில் சாவி கொடுப்பது நம்ம ஊர்ப் பழக்கம், அதில் பலன் ஒன்றும் இல்லை, ஒருக்களித்துப் படுக்க வைத்து, சுற்றி நிற்கும் கூட்டத்தை விலக்கிக் காற்று விடுங்கள்.

மார்ச்சிலேயே ஒரு சனிக்கிழமை இதை நடித்துப் பாருங்கள். யார் போன் செய்வது, எந்த கேட்டைத் திறப்பது, பக்கெட் எங்கே இருக்கிறது என்று. எல்லோருடைய இ.எஸ்.ஐ. நம்பரும் வீட்டு நம்பரும் சூப்பர்வைசர் போனில் இருக்கட்டும். தமிழக அரசு 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதில் இறப்பவரின் குடும்பத்துக்கு 4 லட்ச ரூபாய் நிவாரணம் என்று வைத்திருக்கிறது. அப்படி ஒன்று நடந்துவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு விஷயத்தைச் சொல்லி, அலைந்து வாங்கிக் கொடுப்பது கம்பெனியின் கடமை.

வீடு, தூக்கம், பிள்ளைகள்

லைன் வீடுகளில் பாதிக்கு மேல் ஷீட் கூரைதான். இரவு 12 மணி வரை உள்ளே படுக்க முடியாது. தூங்காதவர் கை ஊசியில் போய் மாட்டும், கட்டிங் மெஷினில் போய் மாட்டும். கம்பெனி ஹாஸ்டல் இருந்தால் அதற்கும் கூரைக்கு வெள்ளை அடியுங்கள், மொட்டை மாடியைப் படுக்கத் திறந்து விடுங்கள், குளிக்கத் தண்ணீர் தட்டுப்பாடு இல்லாமல் கிடைக்கட்டும்.

பள்ளி லீவில் பிள்ளைகள் வீட்டில் தனியாக இருப்பார்கள். கிணறு, வாய்க்கால் என்று அம்மாவின் மனசு அங்கேதான் இருக்கும். ஓய்வு நேரத்தில் போன் பேச விடுங்கள். குழந்தைகள் காப்பறை இருந்தால் ஏப்ரல், மே இரண்டு மாதம் மட்டுமாவது கொஞ்சம் பெரிய பிள்ளைகளையும் அங்கே சேர்த்துக்கொள்ளுங்கள், உட்கார்ந்து வரைய நாலு நோட்டு, கேரம் போர்டு போதும். லீவுக்கு வேலை கேட்டு வரும் பள்ளிப் பிள்ளைகளை மெஷினில் உட்கார வைக்காதீர்கள்.

சூட்டில் எல்லோருக்கும் கோபம் சீக்கிரம் வரும். மதியத்துக்கு மேல் லைனில் சண்டை வருவதும் சூப்பர்வைசர் கத்துவதும் அந்த மாதங்களில்தான் கூடுதல். சூப்பர்வைசர்களைக் கூப்பிட்டு, மே மாதம் டார்கெட் பத்து சதவீதம் குறைவு என்று முதலாளியே வாயால் சொல்ல வேண்டும். மேலே இருந்து அந்த வார்த்தை வராதவரை கீழே கத்தல் நிற்காது, அவர்களுக்கும் நெருக்கடிதானே.

ஜூனில் காற்று திரும்பியதும் அந்த வெப்ப நோட்டு, லீவு நோட்டு, செக்கிங் நோட்டு மூன்றையும் எடுத்து, ஒவ்வொரு லைனிலிருந்தும் இரண்டு பேரைக் கூப்பிட்டு உட்கார்ந்து பேசுங்கள். ஒரு பெண், ஒரு வெளிமாநில ஆள் கட்டாயம் அதில் இருக்கட்டும். எங்களிடம் அப்படிப் பேசியபோது அந்தப் பவர்டேபிள் அக்கா கேட்டது ஒன்றுதான்: கழிப்பறைக்கு வெளியே கை கழுவும் இடத்தில் ஒரு கண்ணாடி. அடுத்த வாரமே மாட்டினோம்.